இருபது வயதிடம் கேட்கப்பட்ட கேள்வி

1967-ல் இந்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் ‘ஐ ஆம் 20’ என்றொரு ஆவணப்படம் எடுத்தது. கருப்பு வெள்ளை. ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். இயக்கியவர் எஸ். என். எஸ். சாஸ்திரி. நாடு விடுதலை பெற்றபோது பிறந்து, நாட்டோடு சேர்ந்து இருபதை எட்டிய பிள்ளைகளைத் தேடிப்போய் அவர்கள் மனத்தில் இருப்பதைப் பேச வைத்த படம் அது. ரயிலோடு தொடங்குகிறது. அதன்பின் முகங்கள், பதில்கள், அந்தப் பதில்களைச் சில இடங்களில் தாங்கியும் சில இடங்களில் மறுத்தும் வெட்டி ஒட்டப்பட்ட காட்சிகள். திரைப்படக் கல்வி நிலையங்களுக்கு வெளியே இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை தண்டவாளத்தின் இருமருங்கும் கல்லூரிகளாக நிறைந்திருக்கும் எங்கள் பகுதியில்தான் இதை முதலில் போட்டுக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். கல்வி எதற்கு என்ற கேள்வியை இந்தப் படம் அறிஞர்களிடம் கேட்கவில்லை, படிக்கிற வயதில் இருப்பவர்களிடமே கேட்டது என்பது அதற்கு முதல் காரணம்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் அந்தக் காலத்து அரசுப் படங்கள் எப்படி இருந்தன என்பது தெரிய வேண்டும். ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948-ல் தொடங்கப்பட்டது. தியேட்டர் உரிமத்தின் நிபந்தனைப்படி, ஒவ்வொரு காட்சியிலும் முதன்மைப் படத்துக்கு முன்னால் அரசு அங்கீகரித்த படம் ஒன்றைக் காட்டியாக வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அதற்கு நியூஸ் ரீல் என்று பெயர். ‘நியூஸ் ரீல்தான் ஓடுது, மெதுவா போகலாம்’ என்று வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டு நின்ற தலைமுறை இன்றும் நம்மோடு இருக்கிறது. அணை, உரத் தொழிற்சாலை, வெள்ள நிவாரணம், குடும்பக் கட்டுப்பாடு என்று எதைக் காட்டினாலும், எல்லாவற்றின் மேலும் ஒரே வகைக் குரல் ஓடிக்கொண்டிருக்கும். ஐயமே இல்லாத, எல்லாம் அறிந்த குரல். திரையில் தெரிகிற விவசாயி வாயசைப்பார், அவர் என்ன நினைக்கிறார் என்பதை அந்தக் குரல் சொல்லிவிடும். தமிழ் உட்படப் பல மொழிகளில் அதே குரல் பெயர்த்துப் பேசப்பட்டது.

அறுபதுகளின் நடுவில் இதில் ஒரு உடைப்பு ஏற்பட்டது. இந்திரா காந்தி தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த காலத்தில், பாரிஸில் யுனெஸ்கோவில் பணியாற்றிக்கொண்டிருந்த ஜான் பவ்நகரி ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு அழைத்துவரப்பட்டார். அவருடைய நிழலில் சிலர் துணிந்தார்கள். பிரமோத் பதி ஒலியையும் பிம்பத்தையும் வைத்துச் சோதனைகள் செய்தார். எம். எஃப். ஹுசைன் ராஜஸ்தானுக்குப் போய் எடுத்த ‘த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்’ 1967-ல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி பெற்றது. கே. எஸ். சாரியும் டி. ஏ. ஆபிரகாமும் சாதாரண மக்களிடம் ஜனநாயகத்தைப் பற்றிக் கேட்டு ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ எடுத்தார்கள். சாஸ்திரி ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குள் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். ‘ஐ ஆம் 20’-ல் அவர் செய்தது ஒரே காரியம்தான்: அந்த அரசுக் குரலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பிள்ளைகளைப் பேச விட்டார். அரசுப் பணத்தில், அரசு அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் செய்ததைச் சிறிய துணிச்சல் என்று நான் சொல்லமாட்டேன்.

உலகின் வேறு மூலைகளிலும் அதே ஆண்டுகளில் இந்த ஆசை முளைத்திருந்தது. ழான் ரூஷும் எட்கர் மொரேனும் பாரிஸ் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டு எடுத்த படம் 1961-ல் வெளிவந்தது. 1964-ல் பிரிட்டனில் கிரானடா தொலைக்காட்சி ஏழு வயதுக் குழந்தைகள் பதினான்கு பேரைப் பேச வைத்து ‘செவன் அப்!’ எடுத்தது. ஏழாண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பத் தேடிப்போனார்கள், 2019-ல் அவர்கள் அறுபத்து மூன்று வயதை எட்டும்வரை. எளிதாகத் தூக்கிச் செல்லும் கேமராவும் கூடவே ஒலியைப் பதியும் கருவியும் வந்ததால் இது கைகூடியது. ஆனால் கருவி மட்டும் போதாது. எதிரே இருப்பவர் சொல்லப்போவது நமக்கு முன்பே தெரியாது என்ற பணிவும் வேண்டும்.

படத்தில் திரும்பத் திரும்ப வருகிற முகம் ஒன்று உண்டு. பம்பாயில் பொறியியல் படிக்கும் மாணவர். தயக்கமில்லாமல், ஆனால் பாடம் ஒப்பிக்காமல் பேசுகிறார். இந்த நாட்டின் நீள அகலம் முழுக்கச் சுற்றிவர வேண்டும், கையில் ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு கேமரா, ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும் என்கிறார். நாட்டை நேசிக்கிறாயா என்ற கேள்வி படத்தில் எழுகிறது. அதற்கு வரும் பதில்கள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கின்றன. இவ்வளவு பெரிய நாட்டில் செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது என்று ஒருவர் பூரிக்கிறார். சுதந்திரம் என்றால் எதற்குச் சுதந்திரம், பட்டினி கிடக்கவா என்று இன்னொரு குரல் சுடுகிறது. சாஸ்திரி இருவருக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன, பார்க்கிறவர் மனத்தில் மோதிக்கொள்ளட்டும் என்று.

அந்த மாணவரின் விருப்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் படிப்பது பொறியியல். காரக்பூர், பம்பாய், சென்னை, கான்பூர், டெல்லி என்று ஐ.ஐ.டி.க்கள் எழுந்து ஆறு முதல் பதினாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பம்பாய்க்குச் சோவியத் உதவி, சென்னைக்கு மேற்கு ஜெர்மனி, கான்பூருக்கு அமெரிக்கா. நாட்டைக் கட்டப்போகிற கைகள் என்று சொல்லித்தான் இந்த நிறுவனங்கள் உருவாக்கப்பட்டன. 1965-ல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியதும் அந்தக் கைகளில் பல கப்பலேறவும் தொடங்கின. இப்படி இருபக்கமும் இழுபடுகிற இடத்தில் நின்றுகொண்டு, எனக்கு இந்த நாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார் ஒரு பொறியியல் மாணவர். படிப்பு தனக்கு என்ன தரும் என்பதற்கு முன்னால், தான் யாருக்கு நடுவில் வாழ்கிறோம் என்பதை அறிய வேண்டும் என்ற பசி அது. கல்வியின் நோக்கம் குறித்து அந்தப் படத்தில் கிடைக்கிற ஆகச் சிறந்த விடை இதுதான் என்பது என் எண்ணம். அவர் அதை நோக்கம் என்ற பெயரில் சொல்லவில்லை, ஆசையாகச் சொன்னார்.

காலமும் சாதாரணமானதல்ல. 1962-லும் 1965-லும் போர். 1965, 1966 இரண்டு ஆண்டும் மழை பொய்த்துப் பஞ்சம். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதே மாதக் கடைசியில் டி. எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. நாட்டின் விதி வகுப்பறைகளில் உருவாகிறது என்ற எண்ணத்தோடு தொடங்கும் அந்த அறிக்கை, கல்வியையும் தேசிய வளர்ச்சியையும் ஒரே மூச்சில் பேசியது. பொதுப் பள்ளி முறை வேண்டும், உழைப்பு அனுபவம் பாடத்தில் வேண்டும், தேசிய வருமானத்தில் ஆறு சதவீதம் கல்விக்கு வேண்டும் என்றது. ஆறு சதவீதம் இன்றுவரை கைக்கு எட்டவில்லை. 1969-ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) தொடங்கியது. பம்பாய் மாணவரின் ஆசை ஒரு சுற்றறிக்கையாக மாறிய கதை என்றே அதைப் பார்க்கலாம். என்.எஸ்.எஸ். முகாமில் ஒரு கிராமத்தை முதல்முறை கண்டு வாழ்க்கை மாறியவர்களும் உண்டு, பத்து நாள் மரம் நட்டுச் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு.

ஆனால் இந்தப் படத்தைக் கொண்டாடுவதோடு நிறுத்திக்கொண்டால் அது நேர்மையாகாது. ஆங்கிலம் மிகுந்து ஒலிக்கிற படம் இது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பார்க்கும்போது அந்தக் குறை பளிச்சென்று தெரிகிறது. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் கல்லூரி மாணவர்கள்தாம். ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சி கவிழ்ந்தது. விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் அந்தப் போராட்டத்திலிருந்து வந்த மாணவர் தலைவர். இருபது வயதுக்காரர்கள் ஒரு மாநிலத்தின் அரசையே மாற்றிய ஆண்டில், இருபது வயதைப் பற்றி எடுத்த தேசியப் படம் அந்தக் கொந்தளிப்பின் பக்கம் முகம் திருப்பவில்லை. மறு ஆண்டு டிசம்பரில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி கேட்ட குடும்பங்கள். விடுதலையோடு பிறந்த தலைமுறை அந்தச் சேரிகளிலும் வளர்ந்திருந்தது. அவர்களிடம் யாரும் கேமராவை நீட்டியிருக்கவில்லை.

எங்கள் தண்டவாளத்துக்கு வருகிறேன். கல்வி எதற்கு என்ற கேள்விக்குத் தமிழகம் வெவ்வேறு காலங்களில் சொன்ன விடைகள் கட்டடங்களாகவே வரிசையாக நிற்கிற தடம் இது.

முதலில் தாம்பரம். சென்னை எஸ்பிளனேடில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கிறித்தவக் கல்லூரி, தன் நூற்றாண்டான 1937-ல் சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. 350 ஏக்கருக்கும் மேலான புதர்க்காடு. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் மின்சார ரயில் வந்துவிட்டிருந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்த நிலத்தில் மரங்களை நட்டுக் காத்தார். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மாணவர் விடுதிகள் எழுந்தன, ஆசிரியர்களும் வளாகத்திலேயே குடியிருந்தார்கள். கல்லூரி என்பது வகுப்பு நடக்கும் இடமல்ல, சேர்ந்து வாழும் இடம் என்பது அதன் அடிப்படை. இந்தியாவின் கிறித்தவ உயர்கல்வியை ஆராய்ந்து 1931-ல் அறிக்கை தந்த லின்ட்சே குழுவும், கல்லூரிகள் தேர்வுக்குத் தயார் செய்வதோடு நின்றுவிடாமல் சுற்றியுள்ள ஊர்களின் சிக்கல்களை ஆராய வேண்டும் என்றது. காட்டுக்குள் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் சுற்றுப்புற ஊர்களை எவ்வளவு அறிந்தார்கள் என்று வாதிடலாம். ஆனாலும் பாடத்துக்கும் பரீட்சைக்கும் அப்பால் ஒரு வாழ்க்கை மாணவனுக்கு வேண்டும் என்று நினைத்து, அதற்காக ஒரு நிலத்தையே தேடியவர்கள் அவர்கள்.

அந்தக் கல்லூரி நகரத்தில் இருந்தபோதே இன்னொரு வாதமும் அதன் தமிழ்த் துறையில் நடந்தது. 1902-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பிலிருந்து தாய்மொழிகளை நீக்கும் யோசனை எழுந்தபோது எதிர்த்து நின்றவர் அங்கே தமிழ் கற்பித்த சூரியநாராயண சாஸ்திரி, நமக்குப் பரிதிமாற் கலைஞர். அவர் துறையில் 1898-ல் சேர்ந்தவர் நாகை வேதாசலம், பின்னாளில் மறைமலையடிகள். 1911-ல் கல்லூரியை விட்டு விலகிப் பல்லாவரத்தில் குடியேறி எழுத்தும் ஆராய்ச்சியுமாக வாழ்ந்தார். படித்தவன் தன் மக்களோடு அவர்கள் மொழியில் பேச முடியாமல் போனால் அந்தப் படிப்பு எதற்கு என்ற கேள்வி, ‘ஐ ஆம் 20’-க்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கேட்கப்பட்டது. இன்று தாம்பரத்தில் ஏறி, பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் தாண்டினால் வரும் நிலையம் மறைமலை நகர். தினமும் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்துபோகிற மாணவர்களுக்கு, அது ஒரு கல்லூரி ஆசிரியரின் பெயர் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த விடை 1984-ல் வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. வண்டலூரில் கிரசென்ட் அந்த ஆண்டே தொடங்கியது. காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். 1985-ல். பிறகு ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் ஏரிக்கரைகளை ஒட்டியும் கல்லூரிகள் பெருகின. ஒரு கட்டத்தில் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூற்றைத் தாண்டின. நெல் விளைந்த ஊரப்பாக்கம் மனைப்பிரிவாகி, பி.ஜி. ஹாஸ்டல் பலகைகள் தொங்கும் ஊரானது.

இந்த வளர்ச்சியைப் பழிப்பது எளிது. பட்டம் தயாரிக்கிறார்கள், வேலைக்காகவே படிக்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுக்காரர்கள். ‘ஐ ஆம் 20’-ல் கனவு பேசியவர்கள், கல்லூரி வாசலை மிதிக்க முடிந்த மிகச் சிலருள் சிலர். இன்று நிலை வேறு. 2021-22-ம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையிலானோருக்கான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்திய அளவில் 28.4 சதவீதம். 2010 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை. 2021 முதல் பொறியியலில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு. 2022 முதல் உயர்கல்வி படிக்கும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய். தாலுகா அலுவலகத்தில் வாங்கிய ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தி வருகிற பெண்ணுக்கு, வேலை என்பது சின்ன நோக்கமல்ல. அவள் அப்பாவின் கடன், தம்பியின் படிப்பு, தன் திருமணத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை எல்லாம் அந்த முதல் சம்பளத்தில் இருக்கின்றன. கல்வியின் உயர்ந்த நோக்கம் என்ன என்று அவளுக்கு உபதேசிக்கும் தகுதி எவருக்கும் கிடையாது.

உபதேசிக்க வேண்டாம் என்கிறேன், கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வருத்தம் இங்கேதான் இருக்கிறது. அவளிடம் நான்கு ஆண்டுகளில் எத்தனையோ கேள்விகள் கேட்கப்படுகின்றன. கட் ஆஃப் எவ்வளவு, எத்தனை அரியர், சி.ஜி.பி.ஏ. என்ன, எந்தக் கம்பெனிக்குப் போட்டிருக்கிறாய். மூன்றாம் ஆண்டில் பிளேஸ்மென்ட் பயிற்சி தொடங்கியதும், உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்கிறார்கள். அதற்கான விடையை முன்கூட்டியே எழுதி, மனப்பாடம் செய்து, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறாள். பலவீனம் என்ன என்று கேட்டால் எந்தப் பலவீனத்தைச் சொல்வது பாதுகாப்பு என்பதற்கும் பயிற்சி உண்டு. ஓர் இளம் மனிதரிடம் அவரைப் பற்றி முதல்முறையாக முறையாகக் கேட்கும் தருணத்தில், உண்மை சொன்னால் நஷ்டம் என்ற பாடத்தையும் சேர்த்தே கற்பிக்கிறோம். சாஸ்திரியின் கேமராவுக்கு முன் உட்கார்ந்தவருக்கு எந்த விடையாலும் லாபமும் இல்லை, இழப்பும் இல்லை. அதனால்தான் ஒருவரால் நாட்டின் மேல் கோபப்பட முடிந்தது, இன்னொருவரால் நாடு முழுக்கச் சுற்ற ஆசைப்பட முடிந்தது.

வேலை ஒன்றையே விடையாக வைத்தால் என்ன ஆகும் என்பதும் இதே தடத்தில் தெரிந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை தொண்ணூறுகளின் கடைசியில் கார் தயாரிக்கத் தொடங்கியபோது, அந்தச் சீருடை இந்த வட்டாரத்தின் கௌரவமாக இருந்தது. 2021 செப்டம்பரில் கம்பெனி வெளியேறும் முடிவை அறிவித்தது, மறு ஆண்டு உற்பத்தி நின்றது. அந்த முடிவை எடுத்தவர்கள் வேறொரு கண்டத்தில் இருந்தார்கள். ஏன் மூடுகிறார்கள், இதை யாரிடம் கேட்பது, சட்டம் என்ன சொல்கிறது, ஒரு ஊர் ஒரே ஆலையை நம்பி எப்படி வாழ்ந்தது என்றெல்லாம் ஆராய வேண்டிய வேளை அது. பக்கத்தில் இத்தனை கல்லூரிகள், மேலாண்மைத் துறைகள், காட்சித் தொடர்பியல் துறைகள். வாசலில் நின்ற தொழிலாளர்களின் நேர்காணல்களை ஒரு செமஸ்டர் முழுக்கப் பதிவு செய்திருக்கலாம்.

1967-ல் அந்த மாணவர் ஆசைப்பட்ட டேப் ரிக்கார்டரும் கேமராவும் நோட்டுப் புத்தகமும் இன்று ஒவ்வொரு மாணவரின் சட்டைப் பையிலும் ஒரே கருவியாக இருக்கின்றன. அதனால் ‘ஐ ஆம் 20’-ஐ வெறும் பழம்பொருளாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அதை ஒரு செயல்முறையாக எடுத்துக்கொள்ளலாம். தாம்பரம் முதல் மறைமலை நகர் வரை, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கல்லூரிக் குழு. கேட்கப்பட வேண்டியவர்கள் இருபது வயது ஆனவர்கள் மட்டும். கல்லூரியில் படிப்பவரோடு, அதே கல்லூரி மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் இருபது வயதுக்காரரும் வேண்டும், அவர் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். வண்டலூர் மேம்பாலத்தடியில் ஆர்டருக்காகக் காத்திருக்கும் டெலிவரிப் பையனும் வேண்டும், அவர் பையில் பி.இ. பட்டம் இருக்கக்கூடும். ஆதனூர் ஏரிக்கரையில் நிலத்தை விற்ற குடும்பத்தின் பிள்ளையும், அந்த நிலத்தில் எழுந்த அடுக்ககத்தில் வளர்ந்த பிள்ளையும் வேண்டும். கேள்விகள் ஐந்தாறு போதும். எதைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாய், அது கிடைத்ததா. உன் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்குள் உனக்குத் தெரியாத வாழ்க்கை எது. எதைக் கண்டு கோபப்படுகிறாய். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் நாளைக் காலை எங்கே போவாய். மதிப்பெண் கிடையாது, போட்டி கிடையாது, பதிவில் பெயரை மறைக்கும் உரிமை உண்டு.

பதிந்தவற்றைச் சமூக ஊடகத்தில் முப்பது நொடித் துண்டுகளாக வெட்டிப் போட்டுவிட்டால் பயனில்லை. ‘செவன் அப்!’ நமக்குத் தருகிற பாடம், திரும்பப் போவதில் இருக்கிறது. இருபதில் கேட்டவர்களை இருபத்தேழில், முப்பத்து நான்கில் மீண்டும் கேட்க வேண்டும். அதற்கு முழுப் பதிவும் யாராவது பொறுப்போடு காக்கும் இடத்தில் இருக்க வேண்டும். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகம் தனியொருவர் சேர்த்த நூல்களை 1994 முதல் காத்துவருகிறது. கல்லூரி நூலகங்களும் தங்கள் மாணவர்களின் குரலை அப்படிக் காக்க ஒரு அலமாரி ஒதுக்கலாம். ஃபிலிம்ஸ் டிவிஷனே இன்று தனி அமைப்பாக இல்லை, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனினும் சாஸ்திரியின் படச்சுருள் காக்கப்பட்டதால்தான், ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகியும் அந்தப் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு இன்று நாம் உடன்படவும் சண்டை போடவும் முடிகிறது. இந்தத் தடத்தின் கல்லூரிகளில் ஒன்று முன்வந்தால்கூடப் போதும், அடுத்த செமஸ்டரிலேயே தொடங்கிவிடலாம்.